எல்லைகளின் கதை: திருவண்ணாமலை மாவட்டம்

பழங்குடும்பங்களின் பெட்டிகளில் நிலப் பத்திரங்கள் சில உறங்கிக் கிடக்கும். திருவண்ணாமலை நகரை அடுத்த ஏதேனும் ஒரு சிற்றூரில், நான்கைந்து தலைமுறையாக ஒரே நிலத்தை உழுதுவரும் குடும்பம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அக்குடும்பத்தின் பத்திரங்களை ஆண்டு வரிசையில் அடுக்கிப் பார்த்தால் ஒரு புதுமை விளங்கும். 1911-ஆம் ஆண்டுக்கு முன் எழுதப்பட்ட பத்திரத்தில் அந்நிலம் தென் ஆர்க்காடு ஜில்லாவில் இருக்கும். அதன்பின் எழுதப்பட்டவற்றில் வட ஆர்க்காடு ஜில்லாவில் இருக்கும். 1989-ஆம் ஆண்டின் இறுதிக்குப்பின் எழுதப்பட்டதில் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டத்தில் இருக்கும். 1997-க்குப் பிறகு திருவண்ணாமலை மாவட்டம் என்று மட்டுமே காணப்படும். நிலம் ஓர் அங்குலமும் நகரவில்லை. வரப்பும் வாய்க்காலும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆயினும் அந்நிலம் நான்கு பெயர்களுக்கு உரியதாயிற்று. இந்த மாறுதல்கள் ஏன் நேர்ந்தன, அவற்றால் மக்கள் பெற்றதும் இழந்ததும் யாவை என்பனவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

வரலாற்றுக்கு முன் நிலத்தை அறிதல் நன்று. இம்மாவட்டம் ஏறத்தாழ 6,190 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. 2011-ஆம் ஆண்டின் மக்கள் கணக்குப்படி இங்கு 24 இலட்சத்து 64 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். மேற்கே சவ்வாது மலைத்தொடர் ஒரு பெருஞ்சுவர்போல் எழுந்து நிற்கிறது. அங்கிருந்து கிழக்கு நோக்கி நிலம் மெல்லத் தாழ்ந்து, வந்தவாசிப் பக்கம் முழுச் சமவெளியாகிறது. இடையிடையே தனிக்குன்றுகள் தலைதூக்கி நிற்கின்றன. அவற்றுள் புகழ்மிக்கது அண்ணாமலை. ஏறத்தாழ 2,600 அடிக்கு மேல் உயர்ந்தது. கலசபாக்கத்துக்கு அருகே நிற்கும் பருவதமலை மற்றொன்று.

மலை இருந்தால் ஆறு இருக்கும் அன்றோ? சவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு, செங்கம் வழியாக வந்து, மாவட்டத்தின் நடுவே வடகிழக்காக ஓடிப் பாலாற்றில் கலக்கிறது. அதே மலையில் தோன்றும் கமண்டல நாகநதி, படவேட்டையும் ஆரணியையும் வளப்படுத்திச் செய்யாற்றோடு சேர்கிறது. தெற்கே தென்பெண்ணை. அதன் குறுக்கே சாத்தனூரில் 1958-இல் முடிக்கப்பெற்ற அணை 119 அடி நீரைத் தேக்கவல்லது. 7,321 மில்லியன் கன அடி கொள்ளளவு உடையது. ஆயினும் இவ்வாறுகள் ஆண்டு முழுதும் ஓடுவன அல்ல. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர் மழை பெய்தாலும், அது சில வாரங்களில் பெய்து ஓய்ந்துவிடுகிறது. ஆகவே நம் முன்னோர் ஊர்தோறும் ஏரி வெட்டினர். ஏரியே இந்நாட்டின் உயிர். நெல்லும் கரும்பும் ஏரிப் பாசனத்தால் விளைகின்றன. வானம் பார்த்த மேட்டு நிலங்களில் மணிலாக் கொட்டை விளைகிறது. ஆரணியின் பட்டும் அரிசியும், வந்தவாசியின் கோரைப்பாயும் இந்நாட்டுக்கு வெளியிலும் பெயர் பெற்றவை.

மலையும் ஆறும் இவ்வாறு நாட்டைப் பகுத்துவைத்தன. பண்டைத் தமிழர் அவ்வியற்கைப் பகுப்பையே பெரும்பாலும் ஆட்சிப் பகுப்பாகவும் கொண்டனர். தொண்டை மண்டலத்தை 24 கோட்டங்களாகப் பிரித்தனர் என்பது வழிவழி வந்த செய்தி. கோட்டத்தின் உட்பிரிவு நாடு. நாட்டின் உட்பிரிவு ஊர். அக்கோட்டங்களுள் ஒன்று பல்குன்றக் கோட்டம். பல குன்றுகளை உடைய நிலப்பகுதி என்பது அதன் பொருள். செங்கத்தின் மேற்கே நின்று நாற்புறமும் நோக்குவோர்க்கு இப்பெயரின் பொருத்தம் சொல்லாமலே விளங்கும். வந்தவாசிப் பக்கத்துக் கோட்டத்துக்கு வெண்குன்றக் கோட்டம் என்று பெயர். அங்கும் ஒரு குன்றே பெயர் தந்தது.

பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவை ஆண்ட நன்னன் என்னும் குறுநில மன்னனே பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாத்தின் தலைவன். 583 அடிகளைக் கொண்ட அப்பாட்டில், பரிசில் பெறச் செல்லும் கூத்தர்க்கு வழி கூறப்படுகிறது. எந்த மலையைக் கடக்க வேண்டும், எங்கே இடர் உண்டு, எந்த ஊரார் என்ன உணவு தருவர், சேயாறு எப்பக்கம் வரும் என்றெல்லாம் புலவர் விளக்குகிறார். இலக்கியம் பயிலும் மாணவர் அதனைக் கவிதையாகப் படிக்கின்றனர். அஃது இந்நாட்டின் மிகப் பழைய நில நூலும் ஆகும் என்பது என் கருத்து. செங்கண்மா இன்றைய செங்கம்; சேயாறு இன்றைய செய்யாறு; நவிரமலை இன்றைய பருவதமலை என்பர் அறிஞர்.

செங்கம் பகுதியில் நிற்கும் நடுகற்கள் மற்றொரு சான்று. ஆநிரையைக் கவர வந்தவரோடும் மீட்கச் சென்றவரோடும் பொருது மாண்ட வீரர்க்கு நட்ட கற்கள் அவை. அவற்றுள் பல வட்டெழுத்தில் அமைந்தவை, பல்லவர் காலத்தவை. தமிழ்நாடு தொல்லியல் துறை அவற்றைத் தேடிக் கண்டு 1970-களின் தொடக்கத்தில் நூலாக வெளியிட்டது. பேரரசர்களின் கல்வெட்டுகள் கோயிற் சுவரில் இருக்க, ஊர்க் காவலரின் வரலாறு வயல் வரப்பில் நிற்கிறது. எல்லை என்பது ஒரு காலத்தில் கோடு அன்று, குருதி என்பதை இக்கற்களைப் பார்த்தபோதுதான் நான் முழுதும் உணர்ந்தேன்.

பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில்கள் சீயமங்கலத்திலும் மாமண்டூரிலும் உள்ளன. சோழர் காலத்தில் ஆட்சிப் பகுப்பு மேலும் நுணுக்கமாயிற்று. அக்காலக் கல்வெட்டுகள் இந்நகரை, பெண்ணை வடகரையைச் சார்ந்த வாணகோப்பாடியில் அண்ணா நாட்டுத் திருவண்ணாமலை எனக் குறிக்கும். ஆற்றைக் கொண்டு பெரும் பகுதியையும், மலையைக் கொண்டு சிறு நாட்டையும் அடையாளம் சொல்லும் முறை இது. முகவரி எழுதும் இவ்வழக்கத்தை இன்றைய அஞ்சல் துறையும் பாராட்டும்! சோழர் ஊரைத் தானமாக அளிக்கும்போது, பெண் யானையை எல்லை நெடுகச் சுற்றி நடக்கச் செய்து, அந்த வழியிலே கல்லும் கள்ளியும் நாட்டுவர். எல்லை எது என்பது ஊரார் அனைவரும் கூடிக் கண்ணால் கண்ட உண்மையாக இருந்தது. போளூரை அடுத்த திருமலையில், முதலாம் இராசேந்திரனின் கங்கை வெற்றியைக் கூறும் கல்வெட்டு இருக்கிறது. அங்குள்ள சமணக் கோயில் ஒன்று குந்தவை பெயரைத் தாங்கியது.

சோழர் தளர்ந்தபின் சம்புவராயர் எழுந்தனர். படைவீடு அவர்தம் தலைநகர். இன்று படவேடு என வழங்கும். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வடதமிழகத்தில் அவர்கள் செல்வாக்குடன் விளங்கினர். அதே காலத்தில் திருவண்ணாமலைக்கும் ஒரு தனிப் பெருமை வந்தது. வடக்கிருந்து வந்த படையெடுப்புகளால் துவாரசமுத்திரம் அழிந்தபோது, போசள மன்னன் மூன்றாம் வீரவல்லாளன் இங்கே வந்து தங்கி இதனையே தன் தலைநகர்களுள் ஒன்றாக்கிக் கொண்டான். மதுரைச் சுல்தானியரோடு பொருது 1342-43 அளவில் அவன் மாண்டான். கோயிலின் வல்லாள கோபுரம் இன்றும் அவன் பெயரைச் சொல்லுகிறது. பின்னர், ஏறத்தாழ 1360 அளவில், விசயநகர இளவரசன் குமார கம்பணன் சம்புவராயரை வென்றான். அதன்பின் படைவீடு விசயநகரப் பேரரசின் ஓர் இராச்சியத்துக்குத் தலைமை இடமாயிற்று. 217 அடி உயர்ந்து நிற்கும் இராசகோபுரத்தைக் கிருட்டிணதேவராயர் தொடங்கினார்; தஞ்சைச் சேவப்ப நாயக்கர் முடித்தார். பேரரசு ஒன்று தொடங்கிய பணியை மற்றோர் அரசு முடித்தது. எல்லைகள் மாறினும் கோயில் அனைவர்க்கும் பொதுவாயிருந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டு இந்நாட்டுக்குத் துன்ப காலம். ஆர்க்காட்டு நவாபு, பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், மைசூரார் என நால்வரும் இந்த மண்ணில் மோதினர். 1760-ஆம் ஆண்டு சனவரி 22-ஆம் நாள் வந்தவாசியில் அயர் கூட் தலைமையில் ஆங்கிலப் படை, லாலியின் பிரெஞ்சுப் படையை முறியடித்தது. மறு ஆண்டு புதுச்சேரி வீழ்ந்தது. இந்தியாவில் பேரரசு அமைக்கும் பிரெஞ்சுக்காரரின் கனவு வந்தவாசி வயல்வெளியிலேயே கலைந்தது எனலாம். 1767 செப்டம்பரில் ஐதர் அலியும் ஐதராபாத்து நிசாமும் சேர்ந்து வந்து செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் கர்னல் ஸ்மித்தின் படையோடு பொருதனர். செங்கம் ஏன் போர்க்களமாயிற்று? பாராமகாலிலிருந்து கிழக்குச் சமவெளிக்கு இறங்கும் கணவாய் அங்கே இருப்பதனால்தான். படை வந்த வழியை விளக்க வரலாற்று நூல் மட்டும் போதாது, நிலப்படமும் வேண்டும்.

1801-இல் கருநாடக நவாபின் ஆட்சியைக் கும்பினியார் தம் கைக்கொண்டனர். ஆர்க்காட்டு நாடு வடக்கு, தெற்கு என இரண்டாகப் பகுக்கப்பட்டது. வட ஆர்க்காட்டின் தலைநகர் சித்தூர். தென் ஆர்க்காட்டின் தலைநகர் கடலூர். போளூரும் வந்தவாசியும் ஆரணிச் சாகீரும் வட ஆர்க்காட்டில் அமைந்தன. திருவண்ணாமலையும் செங்கமும் தென் ஆர்க்காட்டில் சேர்ந்தன. ஒரே செய்யாற்றின் மேற்பகுதி ஒரு ஜில்லாவிலும் கீழ்ப்பகுதி வேறொரு ஜில்லாவிலும் ஆயின. வருவாய் தண்டுவதற்கு வசதியான பகுப்பே அன்று நோக்கமாக இருந்தது. கோட்டமும் நாடும் ஏட்டளவில் நின்றன.

ஆராய்ச்சி செய்ய விரும்பும் மாணவர்க்கு இங்கே ஒரு குறிப்பு. ஆர்தர் காக்ஸ் 1881-இல் எழுதிய வட ஆர்க்காட்டு மானுவல் என்னும் நூலில் திருவண்ணாமலைத் தாலுகாவைத் தேடினால் கிடைக்காது. 1906-இல் பிரான்சிஸ் எழுதிய தென் ஆர்க்காட்டுக் கெசட்டியரிலேயே அது கிடைக்கும். எல்லை மாற்றத்தை அறியாதவர், நூலகத்தில் தவறான அலமாரியின் முன் நின்று காலத்தைக் கழிக்க நேரும்.

1911-இல் பெரியதொரு மாற்றம் வந்தது. வட ஆர்க்காட்டின் வடபகுதியைப் பிரித்து, கடப்பைப் பகுதிகள் சிலவற்றையும் சேர்த்துச் சித்தூர் ஜில்லா அமைத்தனர். தலைநகரை இழந்த வட ஆர்க்காட்டுக்கு வேலூர் தலைநகராயிற்று. இழந்த நிலத்துக்கு ஈடாகச் சேலத்திலிருந்து திருப்பத்தூரும் தென் ஆர்க்காட்டிலிருந்து திருவண்ணாமலையும் அதனோடு சேர்க்கப்பட்டன. திருவண்ணாமலையை வட ஆர்க்காட்டோடு இணைத்தது அந்த நகரின் விருப்பத்தினால் அன்று. சித்தூரைப் பிரித்ததனால் உண்டான குறையை நிரப்பவே ஆகும்.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். ஒரு குடியானவன் தன் நிலத்தைப் பற்றி ஆட்சியர்க்கு முறையிட விரும்புகிறான். 1911-க்கு முன் அவன் சுமார் 100 கிலோமீட்டர் கடந்து கடலூருக்குச் செல்லவேண்டும். அதன்பின் 80 கிலோமீட்டருக்கு மேல் கடந்து வேலூருக்குச் செல்லவேண்டும். போக ஒரு நாள், காத்திருக்க ஒரு நாள், வர ஒரு நாள். கூலி வேலை செய்வோனுக்கு மூன்று நாள் என்பது மூன்று நாள் உணவு. முன்னொரு காலத்தில் மன்னர்க்குத் தலைநகராக விளங்கிய ஊர், ஏறத்தாழ இரு நூற்றாண்டுக் காலம் ஏதோ ஒரு ஜில்லாவின் ஓரத்திலேயே இருந்தது.

1989-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் அந்நிலை மாறியது. வட ஆர்க்காடு இரண்டாகப் பிரிந்தது. வடபகுதி வேலூரைத் தலைநகராகக் கொண்டு வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டமாயிற்று. தென்பகுதி திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டமாயிற்று. படைவீட்டு அரசரின் பெயர் ஆறு நூற்றாண்டுக்குப்பின் ஆட்சி ஏட்டில் மீண்டும் இடம்பெற்றது. பின்னர், 1997-இல், தலைநகரின் பெயரே மாவட்டங்களின் பெயராக இருக்கவேண்டும் என்று அரசு முடிவு செய்தது. அதனால் சம்புவராயர் பெயர் நீங்கிற்று. 2019-இல் வேலூரும் மூன்றாகப் பிரிந்து, இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. பழைய வட ஆர்க்காடு என்னும் பெயர் இன்று முதியோர் வாய்மொழியிலும் பழைய பத்திரங்களிலும் மட்டுமே வாழ்கிறது. இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் திருவண்ணாமலை, ஆரணி, செய்யாறு என மூன்று வருவாய்க் கோட்டங்களும் 12 வட்டங்களும் உள்ளன. 1886-இல் நகராட்சியான திருவண்ணாமலை நகர் 2024-இல் மாநகராட்சியாயிற்று.

கதை இத்துடன் முடிந்தது என்று சொல்ல இயலவில்லை. நிலப்படத்தை விரித்துப் பாருங்கள். திருவண்ணாமலை நகர் தன் மாவட்டத்தின் நடுவில் இல்லை. தென்மேற்கில் ஒதுங்கி நிற்கிறது. வடகிழக்கு மூலையிலுள்ள செய்யாற்றிலிருந்து தலைநகருக்குச் சுமார் 100 கிலோமீட்டர். ஆனால் செய்யாற்றிலிருந்து காஞ்சிபுரத்துக்கோ சுமார் 30 கிலோமீட்டர்தான். கடலூரையும் வேலூரையும் நோக்கித் திருவண்ணாமலை மக்கள் நடந்த அதே நடையை இன்று செய்யாற்று மக்கள் திருவண்ணாமலையை நோக்கி நடக்கின்றனர். செய்யாற்றைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு மாவட்டம் வேண்டும் என்றும், ஆரணியைக் கொண்டு வேண்டும் என்றும் கோரிக்கைகள் எழுந்திருப்பதன் காரணம் இதுதான். ஓர் ஊரை நடுவாக்கும் கோடு வேறோர் ஊரை ஓரமாக்கிவிடுகிறது.

சவ்வாது மலைவாழ் மக்களின் நிலை இன்னும் எண்ணத்தக்கது. அந்த மலைத்தொடர் ஒன்றே. ஆயினும் அது திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்னும் மூன்று மாவட்டங்களில் பங்கிடப்பட்டிருக்கிறது. சமவெளியிலிருந்து நோக்குவோர்க்கு மலை ஓர் எல்லை. மலைமேல் வாழ்வோர்க்கோ அது நாடு. அதன் நடுவே எல்லை ஓடுகிறது. சமுனாமரத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு மலைக்கெனத் தனி வட்டம் அமைத்தது இக்குறையை ஓரளவு போக்கியது.

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியது அன்று. சுவீடன் நாடு 1634-ஆம் ஆண்டிலேயே தன் நிலத்தை மாவட்டங்களாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளுநரை அமர்த்தியது. அதன் அண்டை நாடாகிய நார்வே, செலவும் நிருவாகமும் செம்மையுறும் என்று கருதி, 2020-இல் தன் மாவட்டங்களை இணைத்து 11 ஆகக் குறைத்தது. வடகோடியில் திரோம்சு, ஃபின்மார்க்கு என்னும் இரு பெரும் மாவட்டங்கள் ஒன்றாயின. ஃபின்மார்க்கு மக்கள் அதனை முன்னரே வாக்கெடுப்பில் மறுத்திருந்தனர். முடிவில், 2024-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், அவ்விரண்டும் மீண்டும் பிரிந்தன. வேறு சில இணைப்புகளும் கலைந்தன. மாவட்டங்கள் 15 ஆயின. பனி உறைந்த அந்நாட்டு மீனவரும் நம் செய்யாற்று உழவரும் கேட்பது ஒரே கேள்வி: என்னை ஆளும் அலுவலகம் என் வீட்டிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது?

அப்படியானால் மாவட்டங்களைப் பிரித்துக்கொண்டே போகலாமா என்று நீங்கள் வினவக்கூடும். அதுவும் நன்றன்று. ஆறும் ஏரியும் காடும் கோட்டுக்குக் கட்டுப்படுவன அல்ல. 2024 டிசம்பர் தொடக்கத்தில் புயல் மழை பெருகியபோது அண்ணாமலையின் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் உருண்டு வீட்டின்மேல் விழ, எழுவர் உயிரிழந்தனர். அதே நாள்களில் சாத்தனூரிலிருந்து திறந்துவிடப்பட்ட பெருவெள்ளம் தென்பெண்ணை வழியே கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்குப் பாய்ந்தது. அணை இருப்பது ஒரு மாவட்டத்தில். வெள்ளம் பாய்வது வேறு மூன்று மாவட்டங்களில். அலுவலகம் மக்களுக்கு அருகில் இருக்கவேண்டும்; அதே வேளையில், ஆற்றையும் மலையையும் காக்கும் சிந்தனை எல்லையைக் கடந்ததாக இருக்கவேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே அமைவதே நல்ல ஆட்சி என்பேன்.

மாணவர்களே, உங்கள் ஊரின் வரலாற்றை நீங்களே எழுதத் தொடங்கலாம். வீட்டிலுள்ள பழைய பத்திரத்தை வாங்கி, அதில் எழுதப்பட்ட ஜில்லா, தாலுகா, கிராமம் ஆகியவற்றின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊர்க் கோயிலின் கல்வெட்டில் நாட்டின் பெயர் என்ன என்று கேட்டறியுங்கள். பிறகு உங்கள் ஊர் ஏரிக்கு நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று நடந்து பாருங்கள். பத்திரம் சொல்லும் எல்லையும் நீர் சொல்லும் எல்லையும் எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே மாறுபடுகின்றன என்பது உங்களுக்குப் புலப்படும். நாளை நிலப்படத்தில் புதிய கோடு இழுக்கும் பொறுப்பு உங்களுள் சிலர்க்கு வரக்கூடும். அப்போது அக்கோட்டின் ஓரத்தில் நிற்கப்போகும் ஊர் எது என்பதை முதலில் நினையுங்கள்.